மின்சாரம் போனாலும் மறவாத எண்

பன்னிரண்டாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

கற்றதை மறவாமல் காப்பது ஒரு கலை. வேண்டிய வேளையில் அதை எடுத்துத் தருவது அதனினும் அரிய கலை. படித்த விடை நாவின் நுனியில் நின்றும் வெளிவராமல் தேர்வு மண்டபத்தில் தவித்த தோழியர் இதனை மறுக்கமாட்டார்கள். சுண்டுவிரல் நீளமே உள்ள ஒரு சில்லு இவ்விரண்டையும் எவ்வாறு செய்கிறது என்பதை, என் அன்னையின் தையல் இயந்திரத்தருகே இருந்து கற்றேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

திருப்பூரில் பனியன் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. எங்களுடையதும் அவற்றுள் ஒன்று. அம்மா வீட்டிலிருந்தபடியே காலர் தைக்கிறார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 காலர். கூலி பீஸ் கணக்கு. பத்துக் காலர் முடிந்தால் சுவரில் சாக்கட்டியால் ஒரு கோடு. தம்பியின் தோள் பட்டு இரண்டு கோடுகள் அழிந்தால் இருபது காலரின் கூலி போயிற்று. சனிக்கிழமைதோறும் அவர்கள் நோட்டில் ஓர் எண், எங்கள் சுவரில் வேறோர் எண்! “நோட்டுல இருக்கறதுதாங்க கணக்கு” என்பார்கள். சுவரைப் பெயர்த்துக்கொண்டு போய்க் காட்ட முடியுமா?

எங்கள் அறிவியல் கழகத்தில் ‘ஆர்டுயினோ ஊனோ’ என்னும் சிறு மின்பலகை ஒன்று இருந்தது. ஒரு காலர் முடிந்ததும் அம்மா பொத்தானை அழுத்தவேண்டும். எண் ஒன்று கூடவேண்டும். இது எளிதே. ஆனால் மின்சாரம் நின்றால் எண் என்னாகும்?

அப்பலகையில் உள்ள ‘ஏடிமெகா 328பி’ என்ற நுண்கட்டுப்படுத்திக்குள் மூவகை நினைவகங்கள் உள்ளன. முதலாவது ஃபிளாஷ், 32 கிலோபைட். நாம் எழுதிய நிரல் அச்சிட்ட பாடநூலைப் போல் அதில் இருக்கும். இரண்டாவது ராம், 2 கிலோபைட். அது சிலேட்டுப் பலகை. விரைவாக எழுதலாம், ஆனால் மின்சாரம் நின்றதும் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். மூன்றாவது ஈஈப்ராம், 1,024 பைட். இதுவே நம் குறிப்பேடு. மின்சாரம் இல்லாவிடினும் எழுதியது அழியாது.

எப்படி அழியாமல் இருக்கிறது? அதன் ஒவ்வொரு நுண்ணறையிலும் நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் மூடப்பட்ட ஒரு மிதவை வாயில் இருக்கிறது. அதற்குள் செலுத்தப்பட்ட எலெக்ட்ரான்கள் எளிதில் வெளியேற இயலாமல் சிறைப்பட்டிருக்கும். இக்கருத்தை 1967ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாவோன் காங், சைமன் சே ஆகியோர் வெளியிட்டனர். 25 பாகை செல்சியசில் இந்தச் சில்லு 100 ஆண்டுகள் வரை நினைவு வைத்திருக்கும் எனத் தயாரிப்பாளரின் தரவேடு கூறுகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒரே அறையில் 1,00,000 தடவை அழித்தெழுதும் வரைதான் அதற்கு உத்தரவாதம். அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 400 தடவை ஒரே இடத்தில் எழுதினால் 250 நாளில் அந்த எல்லை வந்துவிடும்! ஓராண்டு கூட இல்லை.

இதற்கு வழி நம் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரே வரியை அழித்து அழித்து எழுதினால் தாள் கிழியும்; அடுத்த வரிக்குப் போனால் கிழியாது. எனவே 1,024 பைட்டுகளையும் நான்கு நான்காகப் பிரித்து 256 வரிகள் ஆக்கினேன். ஒவ்வொரு காலருக்கும் அடுத்த வரி. கடைசி வரி முடிந்தால் மீண்டும் முதல் வரி. இப்போது 250 நாள் என்பது 64,000 நாளாயிற்று. அதாவது ஏறத்தாழ 175 ஆண்டுகள்!

ஒரு பைட்டில் 255 வரையே எழுத முடியும் என்பதால் எண்ணுக்கு மூன்று பைட் ஒதுக்கினேன். 1000 என்பதை 0, 3, 232 என எழுதவேண்டும். மூன்று 256உம் ஒரு 232உம் சேர்ந்தால் ஆயிரம் அல்லவா? நான்காவது பைட் சாட்சி. முதல் மூன்றையும் கூட்டி 256ஆல் வகுத்து வரும் மீதியை அதில் வைத்தேன். இங்கே அது 235.

சாட்சி எதற்கு? ஒரு பைட் எழுத 3 மில்லி நொடிக்குச் சற்று அதிகமாகும். மின்வெட்டோ சொல்லிவிட்டு வருவதில்லை. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் அந்த வரி பிழையாகும். அதனைச் சாட்சி காட்டிக்கொடுத்துவிடும். மின்சாரம் திரும்பியதும் நிரல் 256 வரிகளையும் படிக்கும். சாட்சி பொருந்தாதவற்றைத் தள்ளிவிட்டு, எஞ்சியவற்றுள் மிகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும். போனால் ஒரு காலர் போகும். வாரம் முழுவதும் உழைத்த உழைப்பு போகாது. வீட்டு மின்மீட்டரைப் போல் எண் ஏறிக்கொண்டே இருக்கும். சென்ற வார எண்ணைக் கழித்தால் இவ்வாரக் கணக்கு கிடைக்கும்.

ஒரு சனிக்கிழமை 60 காலர் வித்தியாசம் வந்தது. அம்மா பெட்டியைப் பையில் வைத்து எடுத்துச் சென்று, அங்கிருந்த பிளக்கில் செருகினார். எண் ஒளிர்ந்தது. கட்டுகளைப் பிரித்து எண்ணிப் பார்த்தார்கள். பெட்டி சொன்னதே சரியாயிற்று. அன்று முழுக் கூலி கிடைத்தது. திரும்பி வரும் வழியில் அம்மா சொன்னார்: “மனுசன் மறந்தா மன்னிச்சுக்கலாம் கண்ணு, கணக்கு மறக்கக் கூடாது.”

இன்றும் அம்மா சுவரில் கோடு போடுவதை நிறுத்தவில்லை. பெட்டியிருக்க இது எதற்கு என்று கேட்டால், “இதுவும் ஒரு சாட்சிதானே” என்கிறார். நுண்கட்டுப்படுத்தியைப் பற்றி ஏதும் படியாத என் அன்னைக்கு அதன் சாரம் விளங்கியிருக்கிறது.

தோழியரே, எதனைச் சிலேட்டில் எழுதுவது, எதனைக் குறிப்பேட்டில் எழுதுவது என்று தெரிந்து வைத்துக்கொள்வோம். எழுதியதை உடனே ஒருமுறை சரிபார்ப்போம். உழைப்பவரின் கணக்கு ஒருபோதும் அழியாதபடி காப்பதற்கு நம் கல்வி பயன்படுமாயின், அதனினும் சிறந்த பயன் வேறு உண்டோ?