கீரையை ஏன் விட்டோம்?

நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து குடியேறிய நம் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லுகையில் நான் கவனித்து வருகிற காரியம் ஒன்றுண்டு. ஊரில் வாரத்தில் பாதி நாள் கீரை கடைந்து உண்டவர்கள், இங்கே மாதம் ஒருமுறைகூட அதை வாங்குவதில்லை. கேட்டால், ஆய்ந்து கழுவ நேரமில்லை என்கிறார்கள். சந்தைக் கீரையில் விஷமருந்து இருக்கிறதாமே என்றும் சொல்லுகிறார்கள்.

அதிகாலையில் வேலைக்கு ஓடும் சகோதரிக்கு நேரமில்லை என்பது மெய்தான். வீட்டிலிருக்கும் புருஷர்கள் கீரை ஆய்ந்தால் ஆகாதோ?

மருந்தைப்பற்றிய அச்சமும் வீணானதல்ல. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் சந்தைக் காய்கறிகளைச் சோதித்து, அவற்றில் எஞ்சிய பூச்சிமருந்தைக் குறித்து அறிக்கைகள் வெளியிட்டதுண்டு. ஆயினும், புளிக்கரைசலில் சற்றுநேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசினால், மேலே படிந்த மருந்தில் ஒரு பங்கு நீங்கும். இங்கே ‘சீர’ என்று விற்கும் சிவப்புத் தண்டுக்கீரையோ, மாடியில் ஒரு சாக்குப்பை மண்ணிலேயே ஒரு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும்.

2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் இரத்தசோகையுள்ளோர் கேரளத்தில் நூற்றுக்கு 36 பேர். நம் தமிழ்நாட்டிலோ 53 பேர். இதை வாசித்தபோது என் மனம் கலங்கிற்று. கருவிலுள்ள சிசுவின் முதுகுத்தண்டு செவ்வையாய் உருவாகத் தேவையான ஃபோலிக் அமிலத்துக்கு, இலை என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்தே பெயர் வந்தது. 1941இல் பசலைக்கீரை வகையொன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள்.

ஆனால் கீரையிலுள்ள இரும்புச்சத்தைச் சரீரம் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சைச் சாறோ, மத்திக் குழம்போ உடனிருந்தால் அதிகமாய் ஏற்கும். உண்டவுடன் தேநீர் குடித்தால் குறைந்துபோம். ஒரு மணி நேரமாவது பொறுத்திருங்கள். கண்பார்வைக்கு உதவும் கரோட்டின் சேர்வதற்குக் கொழுப்பு வேண்டும். தேங்காய் துருவிப் போட்டு மலையாளிகள் செய்யும் தோரன் இதற்கு ஏற்றது. கர்ப்பவதிகள் கீரை உண்பதால் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தலாகாது.

இன்னும் ஒன்று. இந்நகரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உருவாக்கி, 1990 முதல் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டு வரும் செயற்கை இருதய வால்வைப்போன்ற உலோக வால்வு உடையவர்கள், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்ளுகிறார்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவும் வேண்டாம், அடியோடு விடவும் வேண்டாம். வாரந்தோறும் ஒரே அளவாய் உண்டு, அவ்வளவை மருத்துவரிடம் தெரிவிக்கட்டும்.