போர்வைக்குள் நுழையத் தெரியாமல்

மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தில் மொத்தம் 12 வீடுகள். ஐந்து வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கிறார்கள். சாயங்காலம் நாகேஸ்வரராவ் பூங்காவில் நாங்கள் பெரிசுகள் உட்கார்ந்தால் ஃபீஸ், விசா, இன்றைக்கு யூரோ என்ன விலை, இதுதான் பேச்சு. பிள்ளை எப்படி இருக்கான் என்று கேட்டால் மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்: "நல்லா இருக்கான் சார்."

கீழ் வீட்டம்மாவின் பேத்தி பிரான்சில் லியோன் நகரத்தில் முதுகலை படிக்கிறாள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், லீவுக்கு வந்தால் மாடியேறி வந்து என்னோடு பிரெஞ்சு பேசுவாள். "உங்க பிரெஞ்சு பழைய சினிமா மாதிரி இருக்கு தாத்தா" என்று சிரிப்பாள். அவள்தான் சொன்னாள், முதல் மூன்று மாதத்தில் இரண்டு தடவை திரும்பி வர டிக்கெட் பார்த்தாளாம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

குளிரா, சாப்பாடா என்று கேட்டேன். இரண்டும் இல்லை. ரொட்டிக் கடை!

"உள்ள போய் நேரா ஒரு பகெத் குடுங்கன்னு கேட்பேன். கடைக்காரம்மா முகத்தைச் சுளிச்சுக்கிட்டே குடுக்கும். தினம் இதேதான். நம்ம நிறத்தைப் பார்த்துத்தான்னு நினைச்சு ரூமுக்கு வந்து அழுவேன் தாத்தா."

கூடப் படிக்கும் ஒரு அல்ஜீரியப் பெண் கேட்டாளாம், "முதல்ல போன்ழூர் சொன்னியா?" என்று. அந்த ஊரில் கடைக்குள் நுழைந்ததும் போன்ழூர் சொல்லாமல் சாமான் கேட்பது, செருப்புக் காலோடு நம் வீட்டுக் கூடத்துக்குள் வருவது மாதிரி. அதை யாரும் வாயால் சொல்லித்தர மாட்டார்கள். நம் ரங்கநாதன் தெருவில் ஒரு கடையில் நுழைந்து முதலில் வணக்கம் சொல்லிப் பாருங்கள், நன்கொடை கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். மறுநாள் போன்ழூர் சொன்னதும் அந்த அம்மாள் சிரித்தாளாம். "எல்லா முகமும் மாறிடலை. சிலது நிறத்துக்காகவும்தான்" என்றாள். அதையும் சொன்னாள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது.

அவளுக்கு நான் ராமானுஜன் கதையைச் சொன்னேன். மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் மதராஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். (குமாஸ்தா என்றாலே எனக்குத் தனிப் பாசம்.) 1914 மார்ச் 17-ந் தேதி கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காளத்து மஹலனோபிஸ் ஒரு நாள், ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று கேட்டிருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுச் சால்வையும் சுற்றிக்கொண்டுதான் தூங்குவதாகச் சொன்னாராம் ராமானுஜன். போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் அடுக்காக இருக்கின்றன. எல்லாவற்றையும் மெத்தைக்கடியில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பு. கம்பளியை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. மேல் விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு நடுங்கியிருக்கிறார். மஹலனோபிஸ் காட்டிக் கொடுத்தார். ஹார்டியோடு உட்கார்ந்து உலகத்தையே அசத்திய மூளை, கம்பளி எங்கே என்று ஒருவரையும் கேட்கவில்லை.

நான் கடல் தாண்டியதில்லை. ஆனால் 1970-களில் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்ததே எனக்கு அயல்நாடுதான். தமிழ் ஒன்றுதான், ஆபீஸ் பாஷைதான் வேறு. 'புட் அப்' என்றால் எதை எங்கே தூக்கி வைப்பது என்று யோசித்தவன் நான். எங்களுக்குப் பள்ளியில் 7-க்கு நடுவில் ஒரு கோடு போடக் கற்றுக்கொடுத்தார்கள். 1-க்கு முன்னால் நீளமாக ஒரு மேல்கீற்று. சூப்பரின்டெண்டென்டுக்கு என் 7 எல்லாம் அடித்த எண்ணாகவும், 1 எல்லாம் ஏழாகவும் தெரிந்தன. இரண்டு வாரம் காரணம் சொல்லாமலே ஃபைலை விட்டெறிந்தார். பக்கத்து சீட்டுக்காரர்தான் டீ குடிக்கக் கூட்டிப்போய், "தம்பி, ஏழை வெறுமனே எழுதுங்க" என்றார். இதைக் கேட்டு அந்தப் பெண்ணுக்கு ஒரே சிரிப்பு. அங்கே இவள் கோடு போடாமல் எழுதிய 7-ஐ ஒன்று என்று படித்தார்களாம்.

ராமானுஜன் கதையில் இன்னொன்றும் உண்டு. ஒருமுறை நண்பர்களை அறைக்கு அழைத்துத் தானே சமைத்து ரசம் பரிமாறினார். இரண்டு தரம் வாங்கிக் குடித்தவர்கள் மூன்றாம் தரம் போதும் என்றார்கள். பேசிக்கொண்டே இருந்தவரைத் திடீரென்று காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. பைத்தியக்காரத்தனம் என்று சிலர் நினைக்கலாம். ஊரை விட்டு அத்தனை தூரத்தில் இருப்பவன் கையால் வைத்த ரசம் வெறும் ரசமில்லை என்பது என் கட்சி.

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட அந்த டிக்கெட் விஷயத்தைச் சொல்லலாமா தாத்தா?" என்று கேட்டாள்.

"சொல்லும்மா" என்றேன்.

போன வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டாள். அவள் அம்மா ரசப்பொடி ஒரு கிலோ அரைத்துக் கட்டியிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து அரைக் கிலோ.