தெற்கு நோக்கி 101

ஆரிகன் மாநிலக் கடற்கரையை ஒட்டி ஓடும் 101-ஆம் எண் நெடுஞ்சாலையில் மோட்டார்ஹோம் எடுத்துப் போவதானால், வடக்கே அஸ்டோரியாவில் தொடங்கித் தெற்கே புரூக்கிங்ஸில் முடிக்க வேண்டும். அமெரிக்காவில் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடுகிறது. தெற்கே போனால் கடலும் வலப்பக்கம். வண்டியை ஒதுக்கி நிறுத்திப் பார்க்கும் இடங்களில் பெரும்பாலானவை கடல் பக்கம்தான் இருக்கின்றன. 32 அடி நீள வண்டியை, எதிரே வருகிற போக்குவரத்துக்குக் குறுக்கே திருப்பி அந்த இடங்களுக்குள் நுழைக்கும் பாடு இதனால் மிச்சம். மேப்பில் இரண்டு திசையும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓட்டுகிறவருக்குத்தான் வித்தியாசம் புரியும்.

முதலில் பணக்கணக்கு. விளம்பரத்தில் தெரிவது நாள் வாடகை மட்டும். அதற்குமேல் காப்பீடு, அனுமதித்த மைலுக்கு மேல் ஓட்டினால் மைல் கட்டணம், ஜெனரேட்டர் ஓடிய நேரத்துக்குத் தனி, திருப்பிக் கொடுக்கும்போது துப்புரவுக்குத் தனி. பெட்ரோலில் ஓடும் பெரிய வண்டி கேலனுக்கு 8 மைல் கொடுத்தால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். போர்ட்லேண்டிலிருந்து அஸ்டோரியா, அங்கிருந்து கடலோரமாகவே 350 மைலுக்குக் கொஞ்சம் கூடக் குறைய, பிறகு உள்நாட்டு வழியாக வீடு என்று பார்த்தால் ஏறத்தாழ 800 மைல் வரும். அதாவது 100 கேலன். கேலன் 4 டாலர் என்று வைத்தால் எரிபொருளுக்கு மட்டும் 400 டாலர். இரண்டு பேர் மட்டும் போவதென்றால் காரும் கூடாரமும்தான் மலிவு. அவர்களுக்கு இந்த வண்டி வேண்டாம். ஆனால் போர்ட்லேண்டை ஒட்டிய ஹில்ஸ்பரோ, பீவர்டன் பகுதிகளில் சிப் தொழிற்சாலை வேலைக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், குழந்தைகள் இரண்டு. ஆறு பேருக்கு ஒவ்வொரு இரவும் இரண்டு அறை, மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு என்று கணக்குப் போட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். வண்டிக்குள்ளேயே கழிப்பறை இருப்பது பெரியவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

சிக்கனத்துக்கு வழி ஒன்றுதான். குறைவாக ஓட்டுவது, அதிகமாக நிற்பது. நாளுக்கு 50, 60 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டாம். மைல் கட்டணம் ஏறாது, ஓட்டுகிறவர் களைக்கமாட்டார், வார வாடகைக்குத் தள்ளுபடியும் பெரும்பாலும் கிடைக்கும். நிற்பது இந்தக் கடற்கரையில் மலிவாக இருப்பதற்குக் காரணம், நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மாநிலம் கடலோரத்தைத் தனியார் கைக்குப் போகாமல் காத்துவந்ததுதான். கடலோரமாக வரிசையாக அமைந்த மாநிலப் பூங்காக்களில் தண்ணீர், மின்சார இணைப்போடு ஒரு இரவு நிறுத்த ஆகும் செலவு, அதே ஊரில் கடல் பார்த்த ஒரு விடுதி அறையின் வாடகையில் ஒரு சிறு பங்கு. வெளிமாநிலத்தார் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும், அப்படியும் மலிவுதான். ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். ஜூலைக்கு இடம் வேண்டுமென்றால் ஜனவரியில் விழித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் வாரம் கழிந்தபின் போங்கள். பள்ளிகள் திறந்திருக்கும், கூட்டம் கரைந்திருக்கும், கோடை மூடுபனியும் விலகியிருக்கும்.

அஸ்டோரியாவில் கொலம்பியா ஆறு கடலில் கலக்கிறது. ஆற்றின் குறுக்கே வாஷிங்டன் மாநிலத்துக்குப் போகும் பாலம் 4 மைலுக்குச் சற்று அதிக நீளம்; 1966-இல் திறந்தது. அதில் ஏற வேண்டாம், கரையிலிருந்து பார்த்தால் போதும். முதல் இரவை அங்கிருந்து சில மைல் தூரத்தில் இருக்கும் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவில் கழிக்கலாம். மிகப் பெரிய பூங்கா. பெரிய வண்டியைப் பின்னோக்கிச் செருகப் பழகிக்கொள்ள நல்ல இடம். 1906-இல் தரைதட்டிய பீட்டர் ஐரிடேல் என்ற பாய்மரக் கப்பலின் இரும்பு எலும்புக்கூடு இன்றும் அதன் மணலில் நிற்கிறது. குழந்தைகள் அதன் விலாக்களுக்குள் புகுந்து ஓடலாம். கட்டணம் கேட்க யாருமில்லை.

சீசைடைத் தாண்டினால் கேனன் பீச். 235 அடி உயர ஹேஸ்டேக் பாறை கடலோரத்தில் நிற்கும் ஊர். நடு ஊரில் பெரிய வண்டிக்கு இடம் கிடைப்பது கடினம். காலை எட்டு மணிக்கு முன்பே போய்விடுவது உத்தமம். இந்த ஊரில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். 1966-இல் ஒரு விடுதிக்காரர் தம் விடுதிக்கு முன்னால் இருந்த காய்ந்த மணலை வேலிபோட்டு அடைத்து, அது தம் விருந்தினருக்கு மட்டும் என்றார். அலை தொடும் ஈர மணல் ஏற்கெனவே மக்களுடையது. 1913-இலேயே ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் கடற்கரை முழுவதையும் பொது நெடுஞ்சாலை என்று அறிவிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்து அதைக் காப்பாற்றியிருந்தார். அப்போது சாலை கிடையாது. மக்கள் மணல்மீதே வண்டியோட்டிப் போனார்கள் என்பதால் அந்த அறிவிப்பு பொய்யும் இல்லை. ஆனால் மேலே இருந்த காய்ந்த மணலுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. சட்டமன்றத்தில் மசோதா முடங்கிக் கிடந்தபோது, 1967 மே மாதம் ஆளுநர் டாம் மெக்கால் ஹெலிகாப்டரில் அளவையாளர்களோடு கடற்கரையில் வந்து இறங்கி, எதுவரை பொதுமக்களுடையதாக இருக்க வேண்டும் என்று மணலில் குறித்துக் காட்டினார். அந்த ஜூலையில் சட்டம் கையெழுத்தானது. செடிகள் முளைக்கத் தொடங்கும் கோடு வரை, மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மணல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சிக்கனப் பயணம் போகிறவன் தினமும் நன்றியோடு நினைக்க வேண்டிய சட்டம் இது.

கேனன் பீச்சுக்குச் சற்றுத் தெற்கே ஹக் பாயிண்ட் என்ற சிறு பூங்கா. வண்டி நிறுத்துமிடம் சிறியது, இடம் இருந்தால் மட்டும் நில்லுங்கள். கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் வடக்குப் பக்கம் நடந்தால், கடலுக்குள் நீண்ட பாறையின் இடுப்பைச் சுற்றி வெட்டிய ஒரு பழைய பாதை வெளிப்படும். ஒரு வண்டி போகும் அகலம்தான். கால் வைத்தால் பாசி வழுக்கும். குனிந்து பார்த்தால் பாறையில் சக்கரத் தடம் பள்ளமாக ஓடியிருக்கிறது. கடல் ஏறினால் பாதை மூழ்கிவிடும். அலைக்கும் பாறைக்கும் நடுவே தபால் வண்டியும் குதிரை வண்டியும் நேரம் பார்த்துக் கடந்த வழி அது. 101-இன் மூதாதை. நாமும் அலை அட்டவணையைப் பார்த்துவிட்டே அங்கே போக வேண்டும்.

அதற்குப் பிறகு ஆர்ச் கேப் சுரங்கம். சைக்கிளில் போகிறவர்கள் நுழைவாயிலில் ஒரு பொத்தானை அழுத்தினால் எச்சரிக்கை விளக்கு மின்னும். அது மின்னும்போது வேகத்தைக் குறைத்து, உள்ளே ஆள் இருக்கிறார் என்று நினைத்து ஓட்டுங்கள். நியாகானி மலையின் விளிம்பில் சாலை கடலுக்கு மேல் தொங்குவதுபோல் போகும். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுவது இங்கே மரியாதை.

டில்லமூக்கில் சாலை கடலைவிட்டு உள்ளே போய்விடுகிறது. பசும்புல், பால் மாடுகள், புகழ்பெற்ற பாலாடைக்கட்டித் தொழிற்சாலை. உள்ளே போய்ப் பார்க்கக் காசில்லை. இங்கிருந்து மூன்று முனைகளைச் சுற்றிப் போகும் கிளைச்சாலை அழகானது, ஆனால் குறுகலும் வளைவும் அதிகம். பெரிய வண்டிக்கு அது வேண்டாம். லிங்கன் சிட்டியில் நெரிசலைத் தவிர வேறெதுவும் சொல்வதற்கில்லை. மளிகை வாங்க நல்ல ஊர், விற்பனை வரியும் இந்த மாநிலத்தில் இல்லை.

நியூபோர்ட்டில் இரண்டு இரவாவது தங்க வேண்டும். சவுத் பீச் பூங்காவில் வண்டியை நிறுத்திவிட்டு, யாக்கினா விரிகுடாவில் இருக்கும் பொதுப் படகுத்துறைக்குப் போனால் நண்டு பிடிக்கலாம். உரிமம் வாங்கிக்கொள்ள வேண்டும். நண்டுக் கூண்டும் கயிறும் வாடகைக்குக் கிடைக்கும். கோழிக்கால் ஒன்றை இரையாகக் கட்டி இறக்கிவிட்டு இருபது நிமிடம் காத்திருந்து, தளராமல் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். கூண்டில் வரும் டஞ்ஜினெஸ் நண்டைப் பின்பக்கமிருந்து பிடித்து, வயிற்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வயிற்று மடல் அகலமாக இருந்தால் பெண். உடனே கடலில் விட்டுவிட வேண்டும். ஒடுங்கிக் கூர்மையாக இருந்தால் ஆண். அதையும் அளவுகோலை வைத்து அளந்து, ஓடு ஐந்தே முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு ஒரு நாளில் 12. நாங்கள் போயிருந்தபோது என் அப்பா ஒவ்வொரு நண்டாக வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாமே அளந்தார். விடுவதா வைப்பதா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

"ஏங்க, அளந்தது போதும், அடுப்புப் பத்தவையுங்க," என்றார் அம்மா. அடுப்பு என்றால் வண்டிக்குள் இருக்கும் அடுப்பு இல்லை. வாடகை வண்டியின் திரைச்சீலையிலும் மெத்தையிலும் மசாலா வாடை ஏறினால் துப்புரவுக் கட்டணம் எகிறும். பூங்காவில் ஒவ்வொரு இடத்திலும் மரமேசை உண்டு. கையோடு கொண்டுபோன ஒற்றை அடுப்பை அதன்மேல் வைத்துத் தாளிப்பு, வறுவல், குழம்பு எல்லாம் வெளியிலேயே. சோறும் ரசமும் உள்ளே. மிளகு போட்ட நண்டுக்குழம்பை வெளிக்காற்றில் சாப்பிட்ட அந்த ராத்திரிக்கு ஆன செலவு, துறைமுகத்து ஓட்டலில் ஒரு தட்டின் விலையைவிடக் குறைவு.

துறையில் நிற்கும்போது தலைக்குமேல் வளைந்து போவது யாக்கினா விரிகுடாப் பாலம். 1930-களின் நடுப்பகுதிவரை இந்தக் கடற்கரையின் பெரிய நீர்ப்பரப்புகளைப் படகில்தான் வண்டியை ஏற்றிக் கடந்தார்கள். பெருமந்தக் காலத்தில் மத்திய அரசின் பணத்தில், காண்டே மெக்கல்லா என்ற பொறியாளர் யாக்கினா, ஆல்சி, சியூஸ்லா, அம்க்வா, கூஸ் பே ஆகிய ஐந்துக்கும் பாலம் கட்டினார். ஐந்தும் 1936-இல் முடிந்தன. வேலையற்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் கட்டினார்கள், ஆனாலும் ஒவ்வொன்றின் முகப்பிலும் தூணும் படியும் அலங்காரமும் வைத்துக் கட்டினார்கள். ஆல்சி பாலம் மட்டும் உப்புக் காற்றில் அரித்துப் போய் 1991-இல் புதிதாக மாறியது. மற்ற நான்கிலும் நம் வண்டி ஏறும். அந்தக் காலத்துக் கார்களை நினைத்துக் கட்டிய அகலம். நம் வண்டியோ எட்டரை அடி, அதற்குமேல் இருபக்கக் கண்ணாடிகள். பாதையின் நடுவில் நிதானமாகப் போனால் பயமில்லை.

யாஹாட்ஸ் தாண்டிப் பெர்பெச்சுவா முனை, 1894-இல் ஒளி ஏற்றிய ஹெசிடா கலங்கரை விளக்கம், இன்னொரு சுரங்கம், பிறகு ஃபுளோரன்ஸ். இங்கே தொடங்கும் மணல்மேடுகள் கூஸ் பே வரை 40 மைல். மேடுகள் நகர்ந்து சாலையை மூடாமலிருக்கப் புல் நட்டுக் கட்டுப்படுத்திய வேலையைப் பற்றி எழுத வந்த பிராங்க் ஹெர்பெர்ட்டுக்குத்தான் 'டியூன்' நாவலின் விதை கிடைத்தது. ஹனிமன் பூங்காவில் மணல்மேடு நன்னீர் ஏரிக்குள்ளேயே சரிகிறது. குழந்தைகள் குளிக்க வேண்டுமென்றால் இந்த ஏரிதான். கடலில் வேண்டாம். கோடையிலும் எலும்பைக் குத்தும் குளிர். எதிர்பாராமல் ஒரு பேரலை ஏறிவந்து, கரையில் கிடக்கும் மரத்தடியை உருட்டி ஆளை நசுக்கிவிடும். மெரினாவில் கால் நனைத்துப் பழகிய நாம் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுப்போம். இந்தக் கடற்கரையில் அது கூடாது.

பேண்டனுக்குத் தெற்கே ஆள் நடமாட்டம் குறைகிறது, காற்று கூடுகிறது. பிளாங்கோ முனையில் 1870-இல் ஏற்றிய கலங்கரை விளக்கத்தருகே காற்று பக்கவாட்டில் அடித்தால் மோட்டார்ஹோம் ஆடும். 45 மைல் வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். போர்ட் ஆர்ஃபோர்டில் மீன்பிடிப் படகுகளைக் கிரேனால் தூக்கி மேடைமீது வைப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கோல்ட் பீச் தாண்டியதும் இந்தச் சாலையின் ஆகச் சிறந்த 12 மைல். சாமுவேல் போர்ட்மன் மாநிலப் பூங்காக்களின் முதல் கண்காணிப்பாளர். 1929-இலிருந்து இருபதாண்டுக்கு மேல், மரத்தையும் நிலத்தையும் பொதுவுக்காகத் துண்டு துண்டாகச் சேர்த்தவர். அவர் பெயரில்தான் இந்தப் பகுதி இருக்கிறது. பாறை வளைவுகள், கடலில் நிற்கும் கற்தூண்கள், தளிர்ப் பச்சையில் ஆழம் தெரியும் நீர். தாமஸ் க்ரீக் பாலம் 345 அடி உயரம், மாநிலத்திலேயே உயரமானது. பார்வையிடங்கள் சிலவற்றில் நம் வண்டி திரும்பாது. 'ட்ரெய்லர்களுக்கு ஏற்றதல்ல' என்ற பலகையை மதித்து அடுத்ததற்குப் போங்கள். இதில் ஒரு முழுநாளைச் செலவிட்டும் பத்துப் பைசா செலவிருக்காது.

கடைசி இரவு புரூக்கிங்ஸின் ஹாரிஸ் பீச் பூங்காவில். காலையில் கிளம்புமுன் கழிவுத் தொட்டிகளைக் காலிசெய்துவிடுங்கள். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளியல், சமையல் நீர்த் தொட்டி. இந்த வரிசையில் திறந்தால் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். நிரம்பிய தொட்டியோடு வண்டியை ஒப்படைத்தால் அதற்கும் பணம் கேட்பார்கள். கலிபோர்னியா எல்லை சில மைல்தான். அங்கே எரிபொருள் விலை அதிகம், எல்லைச் சோதனைச் சாவடியில் மீதமிருக்கும் பழங்களைப் பற்றியும் கேட்பார்கள். அதனால் எல்லையைத் தாண்டாமல் புரூக்கிங்ஸிலேயே எண்ணெய் நிரப்பிக்கொண்டு, கூஸ் பே வரை வந்த வழியே ஏறி, 42-ஆம் சாலையில் ரோஸ்பர்க் போய் ஐந்தாம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் பெரிய வண்டிக்குச் சுலபம். தூக்கம் வந்தால் ரெஸ்ட் ஏரியாவில் 12 மணி நேரம் வரை நிறுத்த அனுமதி உண்டு.