ஒரே ரிமோட்

டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி ரிமோட்டுகளைத் தேடி என் தாயார் படும் சிரமத்தைப் போக்கிய யுனிவர்சல் ரிமோட்டின் மீது எனக்கு உண்மையான அபிமானம் உண்டு. பொறியாளர் ஸ்டீவ் வோஸ்னியாக் 1987-இல் வெளியிட்ட ‘கோர்’ என்ற சாதனம், பிற ரிமோட்டுகளின் சமிக்ஞைகளைக் கிரகித்துத் திரும்ப அனுப்பும் சக்தி பெற்றிருந்தது. இன்றைய சாதனங்கள் பலவும் அந்தத் தத்துவத்தையே அனுசரிக்கின்றன.

பொத்தானை அழுத்தியும் பிரயோஜனமில்லையெனில், ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினால், வெறும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி, பெரும்பாலும் திரையில் ஊதாப் புள்ளியாய் மின்னுவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். பழைய பேட்டரியோடு புதியதைக் கலந்து போட்டால், ரசாயனம் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாய் உப்புப் பூக்கக்கூடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பேட்டரி மாற்றும்போது சில ரிமோட்டுகளில் பதிவு அழிந்துவிடுமாதலால், டிவிக்குரிய குறியீட்டு எண்ணை மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவைப்பது, வீட்டு முதியவர்களுக்கு நாம் செய்யும் பேருபகாரம்.