அழுகையை வெட்டாதீங்க

விக்டோரியா காலத்து நாவல்னா நம்மில் பலருக்கு ஸ்கூல் நான்-டீடெயில் புத்தகம்தான் ஞாபகம் வரும். டிக்கன்ஸ் எழுதின தலையணை சைஸ் நாவலை நூறு பக்கத்துக்குள் அடக்கி, பாடத்துக்குப் பின்னாடி அஞ்சு கேள்வி. நானும் இங்கிலீஷ் மீடியம்தான், அந்தக் காலத்தை இப்படித்தான் படிச்சேன். அந்தச் சுருக்கங்களில் முதலில் காணாமல் போவது அழுகை.

பழைய நாவல்களை இன்றைய வாசகர்களுக்காக மறுபதிப்பு செய்கிறவர்களுக்கும் இதே பிரச்சனைதான். இவ்வளவு கண்ணீரை இப்போ யார் தாங்குவாங்க, கொஞ்சம் குறைச்சுக் கொடுத்தா என்னன்னு தோணும். குறைக்கக் கூடாதுங்கிறது என் கட்சி. ஒரு நாவலை வைத்தே சொல்றேன்.

எல்லன் உட் எழுதின 'ஈஸ்ட் லின்' 1861-ல் மூன்று வால்யூமாக வந்தது. கணவன் மேல் சந்தேகப்பட்ட இசபெல், இன்னொருத்தனோடு வீட்டை விட்டுப் போகிறாள். கணவன் விவாகரத்து வாங்கி வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். நம்பிப் போனவனோ இவளைக் கட்டிக்கவே இல்லை. ஒரு ரயில் விபத்தில் முகம் சிதைந்து, இசபெல் செத்துட்டாள்னு எல்லாரும் நம்புகிறார்கள். அந்த மாறின முகத்தோடு, தன் பிள்ளைகளுக்கே பாடம் சொல்லித்தரும் கவர்னஸாக அதே வீட்டுக்கு வருகிறாள். மகன் வில்லியம் காசநோயில் சாகக் கிடக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அம்மான்னு அவனுக்குத் தெரியாது.

கதையைச் சொன்னதும் என் ரூம்மேட் சிரிச்சா. "இதெல்லாம் இப்போ யாருடி படிப்பா? நேரா போய் 'நான்தான் அம்மா'ன்னு சொன்னா கதை முடிஞ்சுதே?"

சொல்ல முடியாது. பிரிந்து வாழும் தாய், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள கோர்ட்டில் கேட்கலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்ததே 1839-ல்தான். தகாத உறவு நிரூபிக்கப்பட்டிருந்தால் அந்த உரிமையும் கிடையாது. 1857 விவாகரத்துச் சட்டப்படி, மனைவியின் தகாத உறவு ஒன்றை மட்டும் காட்டி கணவன் விலகலாம். மனைவி விலகணும்னா அதோடு கொடுமை, கைவிட்டது மாதிரி இன்னொன்றையும் நிரூபிக்கணும். நாவல் வந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. அப்படிப்பட்ட ஊரில் இசபெல் தன் பிள்ளைகளைப் பார்க்க மாறுவேஷத்தை விட்டால் வேறு வழி என்ன? அழுகையை வெட்டினா அந்தச் சட்டம் அவளை என்ன செய்ததுங்கிறதும் சேர்ந்தே போயிடும்.

இன்னொன்று. அப்போ இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 ஒரு வயதைத் தாண்டவில்லை. கதையில் வரும் குழந்தைக்காக அழுதவர்கள் பலர் தங்கள் வீட்டிலும் ஒன்றைப் புதைத்தவர்கள்.

வெட்டச் சொல்றவங்க பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. அந்தக் கால மூன்று வால்யூம் நாவலின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். அதனால் பெரும்பாலானவர்கள் மூடீஸ் மாதிரி வாடகை நூலகத்தில்தான் எடுத்துப் படிச்சாங்க. மூன்று வால்யூமை நிரப்பணும்னே இழுத்த பக்கங்கள் நிச்சயம் உண்டு. ஆனா எது இழுவை, எது தேவைன்னு நமக்குப் பதிலா இன்னொருத்தர் ஏன் முடிவு பண்ணணும்?

எனக்கு இது சும்மா வாதம் இல்லை. தேர்ட் இயர் செமஸ்டர் நடந்துட்டிருந்தப்போ எங்க அப்பத்தா இறந்துட்டாங்க. கடைசி பேப்பர் முடியற வரைக்கும் வீட்டில் யாரும் சொல்லலை. ஊருக்குப் போனப்போ மாலை போட்ட போட்டோதான் இருந்தது. "சரி விடும்மா, படிப்பைப் பாரு" என்றார்கள்.

அதுக்கப்புறம்தான் டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸில் சேர்ந்தேன். 2000-ல் ஆரம்பிச்ச தளம். ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கில் இலவசமாகக் கிடைக்கும் பழைய புத்தகங்களில் நிறைய இங்கே தயாராகி வந்தவை. ஸ்கேன் செய்த பக்கம் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் படித்த எழுத்து இன்னொரு பக்கம். இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை திருத்தணும். முக்கியமான விதி ஒன்றுதான்: எழுத்தாளர் எழுதியதை மாற்றாதே.

ஒருநாள் ஒரு பழைய நாவலின் மரணப் படுக்கைப் பக்கம் எனக்கு வந்தது. யார் எங்கே நின்றார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள், கடைசியாக என்ன கேட்டாள் என்று எல்லாம் இருந்தது. அடுத்த பக்கமும் அதேதான். சுருக்கப் பதிப்பில் 'அவள் இறந்தாள்' என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். எனக்கு என் வீட்டில் கிடைத்ததும் அந்த ஒரு வரிதான். அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "அப்பத்தா கடைசியில எப்படி இருந்தாங்கம்மா?"ன்னு முதல் தடவையா கேட்டேன். அம்மா முக்கால் மணி நேரம் பேசினாங்க.

அதனால் மறுபதிப்பு போடுறவங்ககிட்ட நான் கேட்பது இவ்வளவுதான். புத்தகத்தை முழுசாப் போடுங்க. முன்னாடி சட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம், சாவைப் பற்றி ஒரு பக்கம் குறிப்பு கொடுங்க. இழுவைன்னு தோணினா தள்ளிவிட்டுப் போக எங்களுக்குத் தெரியும்.

'ஈஸ்ட் லின்' குட்டன்பெர்க்கில் இலவசம், ஆனா குறிப்பு இருக்காது. குறிப்போடு வேணும்னா ஆக்ஸ்போர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் பதிப்பு இருக்கு. ரூம்மேட் இப்போ இரண்டாவது வால்யூமில் இருக்கா. கணவன்காரனைத் திட்டிக்கொண்டேதான் படிக்கிறா.