மடிக்கணினியுடன் ஒரு மலைப் பயணம்

கிள்ளானிலிருந்து தலைநகருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், கட்டடங்களுக்குப் பின்னால் தித்திவங்சா மலைத்தொடர் நீலமாகத் தெளிந்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே பிரிக்பீல்ட்ஸ் வந்து, வேலையிடத்தில் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்துவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து வழி விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். நான் கேட்டது இரண்டே நாள். மேலாளர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: வேலை நேரத்தில் தொடர்பு அறுந்து வேலை நின்றால், அந்த நாள் விடுப்பில் கழியும்.

வீட்டில் அம்மாவின் கேள்வி வேறு. "வேலைய எங்கிருந்து வேணும்னாலும் பாரு. கூடாரத்த எங்க போடப்போற?"

அவர் மனத்தில் இருந்தது பத்தாங்காலி. 2022 டிசம்பர் 16 அதிகாலையில், கெந்திங் செல்லும் சாலையோரம் மலைச்சரிவு இடிந்து முகாமின்மேல் விழுந்து 31 பேர் மாண்டார்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. மலையில் கூடாரம் போட நினைக்கும் யாரும் அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கிளம்பக்கூடாது. எந்த முகாம், யார் நடத்துகிறார்கள், உரிமம் உண்டா என்று விசாரித்து எழுதிக் கொடுத்த பிறகே வண்டிக்கு எண்ணெய் மாற்றினேன்.

முதல் நாள்: கோலகுபு பாரு

வியாழக்கிழமை அதிகாலை ஐந்தரைக்குக் கிள்ளானை விட்டேன். 150சிசி வண்டி; பின்னால் கூடாரம், தூங்கும் பை, தண்ணீர் புகாத உறைக்குள் மடிக்கணினி. ரவாங் தாண்டி ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் கோலகுபு பாரு. எட்டு மணிக்கு ரொட்டி சானாயும் தே தாரேக்குமாகப் பசியாறிவிட்டு, ஒன்பதுக்கு அதே கடையின் மூலை மேசையில் வேலையைத் தொடங்கினேன். கணக்குத் தாள்களும் கூட்டமும் முடிய மாலை ஐந்தரை.

இந்த ஊர் 'பாரு' ஆனதற்குக் காரணம் தண்ணீர். பழைய கோலகுபுவில் 1883இல் அணை உடைந்து ஊரையே அடித்துச் சென்றது. பிறகும் வெள்ளம் ஓயாமல் போக, ஊரைப் புதிய இடத்துக்கு மாற்றினார்கள். இன்றும் இங்குள்ள ஆறுகளில் குளிக்கிறவர்கள் அஞ்சுவது 'கெப்பாலா ஆயர்' என்னும் திடீர் வெள்ளத்துக்குத்தான். மேலே மலையில் மழை கொட்டும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு மண் நிறத்தில் சீறி வரும்.

முகாமில் ஆற்றை ஒட்டிய அழகான இடத்தைக் காட்டினார்கள். நன்றி சொல்லிவிட்டு, மேட்டில் கழிப்பறைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். இரவு ஒரு மணிக்கு மழை பிடித்தது. விடிந்து பார்த்தால் நேற்றைய கற்கள் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் கரை வரை ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள்: பிரேசர் மலை

கோலகுபு பாருவிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். பிரேசர் மலையில் எண்ணெய் நிலையம் கிடையாது. சுமார் 40 கிலோமீட்டர் பாதை. சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்குகின்றன. கைப்பேசியில் அலைவரிசைக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. இந்தச் சாலையில்தான் 1951 அக்டோபர் 6ஆம் நாள், பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்ரி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டுக் கொன்றார்கள். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத அந்தக் காட்டைப் பார்த்தால், அது எப்படி நடந்திருக்கும் என்பது புரிகிறது.

எட்டரைக்கு மேலே சேர்ந்தேன். கொடி படர்ந்த மணிக்கூண்டுக்கு அருகில் அலைவரிசை நன்றாகவே கிடைத்தது. பகல் மூன்று மணிக்கு மூடுபனியும் மழையும் சேர்ந்து வந்து, இருபது நிமிடம் தொடர்பே இல்லை. கொடுக்க வேண்டிய கோப்பை நண்பகலிலேயே அனுப்பியிருந்ததால் வேலை நிற்கவில்லை, விடுப்பும் கழியவில்லை. மலையிலிருந்து வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இதுதான் என் ஒரே பாடம்: மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், முக்கியமான வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வண்டி ஓட்டுவதற்கும் அதே விதிதான்.

அன்று மழை விடவேயில்லை. கூடாரத்தைப் பையிலேயே விட்டு, அறை எடுத்துத் தூங்கினேன்.

மூன்றாம் நாள்: கேமரன் மலை

சனிக்கிழமை, வேலை இல்லை. ரவூப் இறங்கி, சுங்கை கோயான் வழியாக ரிங்லெட் ஏறினேன். வழி நெடுகக் காடு, செம்பனை, மறுபடியும் காடு. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்து போன மலைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1929இல் ரஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, சரிவில் செடி நட்டு, கொழுந்து கிள்ளிய தமிழர்களின் பெயர் எந்தச் சிகரத்துக்கும் இல்லை.

தோட்டத்துக்கு அருகே ஒரு சிறு கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பது ஆண்டு கொழுந்து எடுத்தவராம்.

"எங்கிருந்து வர்றீங்க தம்பி?"

"கிள்ளான்லேர்ந்து பாட்டி."

"என் பிள்ளைங்க ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க. இங்க இருந்தா பொழப்பு இல்லன்னு போயிட்டாங்க. நீங்க என்ன வேல செய்றீங்க?"

கணினியில் செய்யும் வேலை, எங்கிருந்தும் செய்யலாம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ என் பேரனும் இங்க வந்து இருக்கலாமா? அவனும் கம்பியூட்டர் வேலதான்."

இருக்கலாம் பாட்டி, முதலாளி விட்டால் இருக்கலாம் என்றேன். பேரனிடம் கேட்கச் சொல்லி, அந்தச் சட்டம் பற்றிக் கடைத் துண்டுச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தோட்டங்களில் இப்போது கொழுந்து எடுப்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். நம் பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்ககங்களில் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் வேலையை மலைக்குக் கொண்டுபோக முடிந்தால், அது பொழுதுபோக்காக மட்டும் இருக்க வேண்டியதில்லை. மலையில் இன்னும் பெரியவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு, அது வீட்டுக்குப் போகும் வழியும் ஆகலாம்.

அன்றிரவு கூடாரம் சமதளத்தில், சரிவிலிருந்து நன்றாக விலகி. போர்வைக்குள்ளும் குளிர் ஏறியது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "பின்னால மலை எவ்வளவு தூரம்?" என்று உடனே பதில் வந்தது. நடந்து அளந்து சொன்னேன்.

மறுநாள் தாப்பா வழியாக இறங்கினேன். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரில் வாருங்கள். போகிற முகாமின் உரிமத்தைக் கேளுங்கள், ஆற்றங்கரையையும் வெட்டிய சரிவின் அடிவாரத்தையும் தவிருங்கள், எங்கே தூங்குகிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.