எழுதியாயிற்றா?

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்குப் 'பங்கர்' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சுரங்கத்திலிருந்து கன்வேயர் பெல்ட்டில் வரும் பழுப்பு நிலக்கரி நேரே கொதிகலனுக்குள் போய் விழுவதில்லை. இடையில் பங்கரில் தங்குகிறது. வெட்டும் இயந்திரம் சற்று நின்றாலும் உலை அணையாது. பங்கர் நிரம்பிவிட்டாலோ பெல்ட் நிற்க வேண்டியதுதான். கணிப்பொறியின் நினைவக மேலாண்மையைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது இந்தப் பங்கர்தான்.

ராம் நினைவகம் விரைவானது. ஆனால் சிறியது, மின்சாரம் போனால் அனைத்தையும் மறந்துவிடும். வட்டு மெதுவானது; ஆனால் மறவாதது. இவ்விருவரையும் வைத்துக் குடும்பம் நடத்துவது இயக்க முறைமையின் கெர்னல்.

இந்தச் சிக்கல் புதிதன்று. நெய்வேலியின் முதல் அனல் மின் அலகு ஓடத் தொடங்கிய அதே 1962ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டாம் கில்பர்ன் குழுவினரின் அட்லஸ் கணிப்பொறி தொடங்கி வைக்கப்பட்டது. அதன் முதன்மை நினைவகம் 16,384 சொற்களே கொள்ளும். காந்த உருளைகளோ 98,304 சொற்கள் கொள்ளும். நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து, வேண்டாத பக்கத்தை உருளைக்கு அனுப்பி, வேண்டியதை உள்ளே அழைத்தார்கள். ஒரு பக்க இடத்தை எப்போதும் காலியாகவே வைத்திருந்தார்கள். வரும் விருந்தாளிக்கு நாற்காலி தயார்; யாரை எழுப்புவது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம் அன்றோ!

இன்றைய லினக்ஸிலும் காலியிடம் குறையும்போதே 'கேஸ்வாப்டி' என்னும் பணியாள் விழித்துக்கொள்கிறான். வட்டில் நகல் உள்ள பக்கத்தை அப்படியே கைவிடுகிறான். நிரலின் சொந்தப் பக்கங்களை வட்டின் ஸ்வாப் பகுதிக்கு அனுப்புகிறான். திருத்தப்பட்டும் வட்டுக்குப் போகாத கோப்புப் பக்கமோ 'அழுக்குப் பக்கம்'. அதை எழுதிய பிறகே கைவிட முடியும்.

நாம் சேமிக்கும் கோப்பு முதலில் இப்படி அழுக்குப் பக்கமாகத்தான் காத்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் 5 நொடிக்கு ஒருமுறை வேறொரு பணியாள் எழுந்து, 30 நொடிக்கு மேல் காத்திருந்தவற்றை வட்டில் எழுதுகிறான். பயன்படுத்தத்தக்க நினைவகத்தில் 10 விழுக்காடு அழுக்கானால் காலம் பாராமல் எழுதத் தொடங்குகிறான். 20 விழுக்காட்டை எட்டினால், எழுதிக் குவிக்கும் நிரலையே கெர்னல் நிறுத்தி வைக்கிறது. பெல்ட் நின்றுவிட்டது!

ஏன் இந்தத் தாமதம்? ஒரு பக்கத்தைப் பத்து முறை திருத்தினாலும் வட்டில் ஒரு முறை எழுதினால் போதுமே! ஆனால் அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், 'சேமிக்கப்பட்டது' என்று திரை சொன்னதும் போய்விடும்.

என் அம்மா மகளிர் குழுவில் பணம் கட்டினால், "நோட்டுல எழுதியாச்சா?" என்று கேட்காமல் எழுந்து வரமாட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் 'வாங்கிக்கொண்டேன்' என்பதற்கும் 'எழுதிவிட்டேன்' என்பதற்கும் உள்ள தூரம் தெரியும். நிரலர் அதே கேள்வியைக் கேட்க 'எஃப்சிங்க்' என்னும் அழைப்பு உண்டு. எழுதி முடித்ததாக வட்டு சொல்லும்வரை அது திரும்பாது. ஒவ்வொன்றுக்கும் கேட்டால் வேகம் போய்விடும். பாட்டுக்கு வேண்டாம், பணக் கணக்குக்கும் மதிப்பெண்ணுக்கும் பட்டாவுக்கும் கட்டாயம் வேண்டும்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் நிரல் எழுதப் போகிறோம். வங்கியிலும் ரேஷன் கடையிலும் அதை நம்பி வீடு திரும்பப் போகிறவர்கள் நம் பெற்றோர்களே. அவர்கள் சார்பில் அந்தக் கேள்வியைக் கேட்பது நம் கடமையாகும்.